மாரடைப்பும் மனித உறவும்: மருத்துவ வரலாற்றில் ஒரு நூற்றாண்டு

மாரடைப்புக்கு உள்ளான இருவர் ஒரே வைத்தியசாலையில் ஒரே வகையான சிகிச்சையைப் பெற்று, ஏறக்குறைய ஒரே அளவு இருதயச் சேதத்துடன் வீடு திரும்புகின்றனர் எனக் கொள்வோம். ஓராண்டின் பின்னர் ஒருவர் தொழிலுக்கு மீண்டுள்ளார், மற்றவர் இறந்துவிட்டார். இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை இருதயத் தசையிலும் முடியுரு நாடிகளிலும் மாத்திரம் தேடுவதே நெடுங்காலமாக மருத்துவத்தின் மரபாக இருந்தது. அவ்விருவரும் எவரிடம் திரும்பிச் சென்றனர், வீட்டில் அவர்களுக்காகக் காத்திருந்தோர் எவர், அவ்வாறு காத்திருக்க எவரேனும் இருந்தனரா என்னும் வினாக்களை மருத்துவ உலகம் எழுப்பியது மிகப் பிந்தியே.

இவ்வினாக்கள் எவ்வாறு எழுந்தன, அவற்றுக்கு எத்தகைய விடைகள் கிடைத்தன என்பதை வரலாற்று நிரலில் நோக்குவது பயனுடையது. இவ்வரலாறு ஒரு கண்டுபிடிப்பின் வெற்றிக் கதை அன்று. உறவும் ஆதரவும் நோயாளியின் உயிருடன் தொடர்புடையன என்பதை ஆய்வாளர் பலர் காட்டினர். ஆனால் அவ்வாதரவை ஒரு மருந்தைப் போல அளந்து வழங்க முற்பட்டபோது அவர்கள் எதிர்பாராத தோல்விகளைச் சந்தித்தனர். அத்தோல்விகளே சமூக ஆதரவு என்றால் என்ன என்பதை மிகத் தெளிவாக உணர்த்தின எனலாம்.

படுக்கையும் தனிமையும்

1912ஆம் ஆண்டில் சிக்காகோ நகர வைத்தியரான ஜேம்ஸ் ஹெரிக், முடியுரு நாடி சடுதியாக அடைபடுவது பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அதற்கு முன்னர் அத்தகைய அடைப்பு உடனடி மரணத்தையே தரும் எனப் பெரும்பாலான மருத்துவர் நம்பியிருந்தனர். அடைப்பு ஏற்பட்ட பின்னரும் ஒருவர் உயிர்வாழ முடியும் என ஹெரிக் காட்டினார். மாரடைப்பிலிருந்து ‘மீட்சி’ என்ற ஒன்று உண்டு என்னும் எண்ணத்துக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்தது இதன் பின்னரே.

மீட்சிக்கு வழி ஓய்வே எனக் கருதப்பட்டது. சேதமுற்ற இருதயத் தசை தழும்பாக மாறுவதற்குச் சில வாரங்கள் செல்லும் என்பதை 1939இல் வெளியான மலோரி, வைற் முதலியோரின் நோயியல் ஆய்வு காட்டியது. அத்தழும்பு உறுதி பெறும்வரை நோயாளி அசையலாகாது என்ற கொள்கை வலுப்பெற்றது. ஆறு வாரம் அல்லது அதற்கு மேலும் நோயாளர் படுக்கையில் கிடத்தப்பட்டனர். தாமாகப் புரண்டு படுக்கவும் உணவுண்ணவும் கூடப் பலர் அனுமதிக்கப்படவில்லை. பார்வையாளர் வருகையும் மட்டுப்படுத்தப்பட்டது. இருதயத்துக்கு ஓய்வளிக்கும் முயற்சியில் மனிதன் தன் தொழிலிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் சூழலிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டான்.

இக்கொள்கைக்கு எதிராக எழுந்த குரல்களுள் சாமுவேல் லெவின், பேர்னாட் லௌன் ஆகியோருடையது முதன்மையானது. பொஸ்ரன் நகரில் பணியாற்றிய இவ்விருவரும் 81 நோயாளரைத் தொடக்க நாட்களிலேயே படுக்கையிலிருந்து இறக்கிச் சாய்வுநாற்காலியில் அமரச் செய்தனர். அதன் பெறுபேறுகளை 1952இல் வெளியிட்டனர். அமர்ந்திருக்கும்போது இருதயத்துக்குத் திரும்பும் குருதியின் அளவு குறைவதால் அதன் சுமையும் குறையும் என்பது அவர்களது உடற்றொழிலியல் வாதம். அதனோடு, நீண்டநாட் படுக்கை நோயாளியிடம் அச்சத்தையும் சோர்வையும் வளர்க்கின்றது என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். படுத்திருப்பவன் தன்னைச் சாகக் கிடப்பவனாக எண்ணுகின்றான். அமர்ந்திருப்பவன் வீடு திரும்புவதைப் பற்றி எண்ணத் தொடங்குகின்றான்.

1955 செப்டெம்பர் 24ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வர் நகரில் மாரடைப்புக்கு உள்ளானார். அவருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்ட போல் டட்லி வைற், நோயின் தன்மையைப் பொதுமக்களுக்கு வெளிப்படையாக விளக்கினார். ஏறத்தாழ ஏழு வாரங்கள் வைத்தியசாலையில் இருந்த ஜனாதிபதி, நவம்பர் மாதத்தில் வாஷிங்ரன் திரும்பினார். 1956இல் மீண்டும் தேர்தலில் வெற்றி பெற்றார். மாரடைப்பு வாழ்வின் முடிவன்று என்ற செய்தி இதனால் உலகெங்கும் பரவியது.

1964இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இருதய நோயாளரின் புனர்வாழ்வுக்கு ஒரு வரைவிலக்கணம் தந்தது. நோயாளிக்குச் சிறந்த உடல், உள, சமூக நிலைமைகளை ஏற்படுத்திக் கொடுத்து, அவர் தமது சொந்த முயற்சியினால் சமூகத்தில் தமக்குரிய இடத்தை மீண்டும் பெற உதவும் செயல்கள் யாவும் அதில் அடங்கும் என அக்குழு கூறிற்று. ‘சமூக நிலைமை’ என்ற சொல் இங்கு இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் அதே பத்தாண்டில் மருத்துவத்தின் கவனத்தை ஈர்த்தது வேறொன்றாகும். 1961இல் டெஸ்மண்ட் ஜூலியன் முன்மொழிந்த இருதயத் தீவிர கவனிப்புப் பிரிவுகள் வேகமாகப் பரவின. இருதயத் துடிப்பை இடையறாது கண்காணித்து, அது நிலைகுலையும்போது மின்னதிர்ச்சியால் சீர்செய்யும் இம்முறை பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. வைத்தியசாலை மரணங்கள் குறைந்தன. ஆனால் வைத்தியசாலையின் வாயிலைக் கடந்து வீடு திரும்பியோரின் கதி எவ்வாறாயிற்று என்ற வினா எஞ்சி நின்றது.

சமூகவியலாளரின் வருகை

இவ்வினாவுக்கான கருவிகள் மருத்துவத்துக்கு வெளியே உருவாகியிருந்தன. தனிமனிதச் செயலாகவே கருதப்பட்ட தற்கொலையின் வீதம், சமூகப் பிணைப்பின் இறுக்கத்துக்கேற்ப மாறுவதை 1897ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டேர்க்கெய்ம் எடுத்துக்காட்டியிருந்தார். மரணத்துக்கும் சமூக அமைப்பு உண்டு என்னும் இக்கருத்து இருதய நோயியலை வந்தடைய அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

பென்சில்வேனியா மாநிலத்தின் ரொசெற்றோ என்னும் சிற்றூர் இத்தொடர்பில் புகழ்பெற்றது. தென் இத்தாலியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிய மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த ஊர் அது. ஸ்ருவாட் வூல்வ் முதலிய ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் அங்கு மாரடைப்பு மரணங்கள் அயலூர்களிலும் பார்க்கக் கணிசமாகக் குறைந்திருப்பதைக் கண்டனர். அம்மக்களின் உணவிலே கொழுப்பு குறைந்திருக்கவில்லை. புகைத்தலும் பருமனும் அங்கும் இருந்தன. மூன்று தலைமுறையினர் கூடிவாழும் குடும்பங்களும், செல்வத்தை வெளிக்காட்டாத வாழ்க்கைமுறையும், ஊர்ச் சங்கங்களும் அவர்களைக் காத்தன என ஆய்வாளர் கருதினர். இளந்தலைமுறை அவ்வாழ்க்கைமுறையைக் கைவிட்டபோது இப்பாதுகாப்பு மறையும் எனவும் அவர்கள் எதிர்வு கூறினர். 1935 தொடக்கம் 1985 வரையிலான ஐம்பதாண்டு மரணப் பதிவுகளை ஒப்பிட்டு 1992இல் வெளியான ஆய்வு, 1960களின் பின்னர் அவ்வேறுபாடு மறைந்ததை உறுதிப்படுத்தியது. சிற்றூரொன்றின் சிறு எண்ணிக்கைகளை வைத்துப் பெரிய முடிவுகளை வரையலாகாது என்ற மறுப்பும் நியாயமானதே. எனினும் ரொசெற்றோ எழுப்பிய வினா நிலைத்தது.

1976ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு திருப்புமுனை ஆகும். சமூக உறவுகள் நோயெதிர்ப்பின் ஒரு கூறாக அமைகின்றன என்னும் கருத்தை ஜோன் கசெல், சிட்னி கொப் ஆகிய இருவரும் அவ்வாண்டில் தனித்தனியே முன்வைத்தனர். தான் நேசிக்கப்படுகின்றேன், மதிக்கப்படுகின்றேன், பரஸ்பரக் கடப்பாடுகள் கொண்ட ஒரு வலையமைப்பைச் சேர்ந்தவன் என ஒருவர் நம்புவதற்கு இடமளிக்கும் செய்தியே சமூக ஆதரவு என்பது கொப்பின் விளக்கத்தின் சாரமாகும். அதே ஆண்டில் மைக்கல் மார்மற்றும் லெனாட் சைமும் கலிபோர்ணியாவில் வாழ்ந்த 3,809 ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். மரபுவழிச் சமூகப் பிணைப்பைப் பேணியோரிடம் இருதய நோய் ஜப்பானில் உள்ளதைப் போலக் குறைவாகவும், மேற்கத்திய வாழ்வுக்கு மிக மாறியோரிடம் அதன் மூன்று முதல் ஐந்து மடங்காகவும் காணப்பட்டது. உணவு, புகைத்தல், குருதியமுக்கம் ஆகியவற்றால் மாத்திரம் இதனை விளக்க இயலவில்லை. 1979இல் லிசா பேர்க்மனும் சைமும் கலிபோர்ணியாவின் அலமீடா மாவட்டத்தில் 6,928 பேரை ஒன்பதாண்டு பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டனர். மிகக் குறைந்த சமூகத் தொடர்புடைய ஆண்களின் மரண வாய்ப்பு, மிகுந்த தொடர்புடையோரதன் 2.3 மடங்காகவும் பெண்களிடையே 2.8 மடங்காகவும் இருந்தது.

வீடு திரும்பியோரின் கதி

மேற்கூறியவை நோய் வருதலையும் பொது மரணத்தையும் பற்றியவை. மாரடைப்பின் பின்னரான மீட்சியை நேரடியாக நோக்கிய பெரிய ஆய்வு 1984இல் வெளியானது. வில்லியம் ரூபர்மனும் அவரது குழுவினரும், மருந்துப் பரிசோதனை ஒன்றில் பங்குபற்றிய 2,320 ஆண்களை ஆராய்ந்தனர். இவர்கள் யாவரும் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்கள். சமூகத் தனிமையும் மிகுந்த வாழ்க்கை நெருக்கடியும் ஒருங்கே கொண்டோரின் மரண வாய்ப்பு, இவ்விரண்டும் குறைந்தோரதைப் போல நான்கு மடங்குக்கு மேலாக இருந்தது. கல்வி குறைந்தோரிடையே இவ்விரு நிலைமைகளும் மிகுந்து காணப்பட்டன. தனிமை தனிமனித இயல்பு மாத்திரமன்று. அது வர்க்கநிலையோடும் பிணைந்தது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

1992ஆம் ஆண்டில் மூன்று முக்கிய ஆய்வுகள் வெளியாயின. ரொபேட் கேஸ் குழுவினர் 1,234 நோயாளரை ஆராய்ந்தபோது, தனியே வாழ்ந்தோருள் 15.8 சதவீதத்தினருக்கு ஆறு மாதங்களுக்குள் இருதய நோய் நிகழ்வு மீண்டும் ஏற்பட்டமையும், ஏனையோரிடம் அது 8.8 சதவீதமாக இருந்தமையும் தெரியவந்தன. டியூக் பல்கலைக்கழகத்தில் றெட்போட் வில்லியம்ஸ் குழுவினர் முடியுரு நாடி நோயுடைய 1,368 பேரை ஆராய்ந்தனர். துணைவரும் இன்றி, மனம்விட்டுப் பேசத்தக்க ஒருவரும் இன்றி இருந்தோருள் ஐந்தாண்டின் பின் உயிரோடிருந்தோர் 50 சதவீதத்தினரே. இவ்விருவருள் ஒருவரேனும் வாய்த்தவரிடையே அது 82 சதவீதமாக இருந்தது. நியூஹேவன் நகரில் பேர்க்மன் குழுவினர் மாரடைப்புற்ற முதியோர் 194 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். இம்முதியோர் நோயுறுவதற்கு முன்னரே, அவர்களுக்கு உள ஆதரவளிப்போர் எவர் என்பது பதிவு செய்யப்பட்டிருந்தமை இதன் சிறப்பு. எவருமிலர் எனக் கூறியோரின் ஆறுமாத மரண வாய்ப்பு, நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்த பின்னரும், ஏனையோரதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நோயின் காரணமாகவே தனிமை ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தை இவ்வாய்வு பெருமளவு நீக்கியது.

உறவின் எண்ணிக்கையும் தன்மையும்

எனினும் உறவுகள் யாவும் நலம் பயப்பன அல்ல. வைத்தியசாலையில் தேறியிருந்த நோயாளர் வீடு திரும்பியதும் அச்சத்துக்கும் சோர்வுக்கும் உள்ளாவதை விஷ்ணி, ஹக்கற், கசெம் ஆகியோர் 1971இலேயே எடுத்துரைத்தனர். வைத்தியரின் அறிவுரையை எவ்வாறு பொருள்கொள்வது என்பது பற்றிக் கணவன் மனைவியரிடையே பூசல்கள் எழுந்தன. ‘பாரமான வேலை செய்ய வேண்டாம்’ என்ற ஒரு வாக்கியம் வீடுதோறும் வெவ்வேறு பொருள் பெற்றது. மாடிப்படி ஏறுவதையே தடுத்த மனைவியரும் இருந்தனர். அத்தடையை அவமானமாகக் கொண்ட கணவரும் இருந்தனர். அன்பே மீட்சிக்குத் தடையாக மாறக்கூடும் என்பது இங்கு வெளிப்பட்டது.

ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் 1985இல் வெளியிட்ட சிறியதோர் ஆய்வு இதற்கு நல்லதொரு விளக்கம் தருகின்றது. மாரடைப்பு ஏற்பட்டு மூன்று வாரங்கள் சென்ற 30 ஆண்கள் நடை இயந்திரத்தில் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களது மனைவியருள் ஒரு பகுதியினர் வெளியே காத்திருந்தனர். ஒரு பகுதியினர் பார்த்துக்கொண்டிருந்தனர். எஞ்சியோர் கணவர் எட்டிய அதே கடுமையில் தாமும் மூன்று நிமிடம் நடந்தனர். தாமே நடந்து பார்த்த மனைவியரிடமே கணவரின் இருதய வலிமையில் உறுதியான நம்பிக்கை பிறந்தது. பார்த்திருந்தோரின் நம்பிக்கை அவ்வளவுக்கு உயரவில்லை. பல பக்க அறிவுரைகள் செய்யவியலாததை மூன்று நிமிட அனுபவம் செய்தது. ஆதரவளிப்போருக்கும் அறிவும் துணிவும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

பெண் நோயாளரின் நிலை மேலும் நுணுகி ஆராயத்தக்கது. தொடக்ககால ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களைப் பற்றியவை. மனைவி என்பவள் அவற்றில் ஆதரவளிப்பவளாகவே தோன்றினாள். அவளே நோயுறும்போது நிகழ்வது யாது? ஸ்ரொக்ஹோம் நகரில் கிறிஸ்ரினா ஓர்த் கோமர் குழுவினர், 30 முதல் 65 வயதுவரையான 292 பெண் நோயாளரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். துணைவருடன் வாழ்ந்தோருள் கடுமையான மணவாழ்க்கை நெருக்கடிக்கு ஆளானவரிடம், இருதய நோய் நிகழ்வு மீளும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகக் காணப்பட்டது. ‘திருமணமானவர்’ எனப் படிவத்தில் எழுதுவதால் மாத்திரம் ஆதரவு உண்டு என முடிவுசெய்ய இயலாது.

ஆதரவு தொழிற்படும் வழிகள்

ஆதரவு தொழிற்படும் வழிகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, நடைமுறை உதவி. நெஞ்சுநோவு கண்டவரை உடனே வைத்தியசாலைக்கு இட்டுச் செல்வது, மருந்தை நேரத்துக்கு நினைவூட்டுவது, புகைத்தலைக் கைவிடத் துணைநிற்பது, சமையலை மாற்றியமைப்பது ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, உள ஆதரவு. மொன்றியல் நகரில் நான்சி பிரேஷர் ஸ்மித் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, மாரடைப்பின் பின்னர் பெரும் உளச்சோர்வுக்கு உள்ளானோரின் ஆறுமாத மரண வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் உயர்வதைக் காட்டியது. 887 நோயாளரைப் பற்றி அதே குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆதரவு தன்னளவில் மரணத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை. ஆனால் மிகுந்த ஆதரவு பெற்றோரிடம் உளச்சோர்வின் பாதிப்பு மங்கியிருந்தது. மூன்றாவது, உடற்றொழிலியல் வழி. அச்சமும் தனிமையும் பரிவு நரம்புத் தொகுதியைத் தூண்டி, இருதயத் துடிப்பையும் குருதியமுக்கத்தையும் உயர்த்துகின்றன. ஏற்கெனவே சேதமுற்ற இருதயத்துக்கு இது மேலதிகச் சுமை ஆகும்.

ஆதரவை மருந்தாக வழங்கும் முயற்சி

தனிமை ஆபத்தெனின், ஆதரவை ஏற்பாடு செய்து கொடுத்தால் உயிர் காக்கலாமன்றோ? 1985இல் பிரேஷர் ஸ்மித்தும் பிறின்சும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நம்பிக்கையூட்டும் விடையைத் தந்தது. நோயாளருடன் மாதந்தோறும் தொலைபேசியில் உரையாடி அவர்களது மன நெருக்கடி அளவிடப்பட்டது. அது எல்லை மீறியபோது தாதியர் வீடு சென்றனர். ஓராண்டில் இருதய நோய் மரணங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன. இம்முறையே 1,376 நோயாளரிடம், பெண்களையும் சேர்த்து, மீண்டும் பரிசோதிக்கப்பட்டு 1997இல் முடிவு வெளியானது. ஆண்களிடம் எவ்விதப் பயனும் காணப்படவில்லை. பெண்களிடையே, தாதியர் சென்ற குழுவில் இருதய நோய் மரணம் 9.4 சதவீதமாகவும், வழமையான கவனிப்பைப் பெற்ற குழுவில் 5 சதவீதமாகவும் இருந்தது. இவ்வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம். ஆயினும் நன்மை விளையவில்லை என்பது உறுதி.

அமெரிக்காவில் 2,481 நோயாளருடன் நடாத்தப்பட்ட பெரும் பரிசோதனையின் முடிவு 2003இல் வெளியானது. உளச்சோர்வு உடையோரும் ஆதரவு குறைந்தோரும் அதற்குத் தெரிவு செய்யப்பட்டனர். சிகிச்சை பெற்றோரின் உளச்சோர்வு ஓரளவு குறைந்தது. ஆதரவுணர்வும் ஓரளவு உயர்ந்தது. ஆனால் சராசரி 29 மாதங்களின் பின்னர், இரு குழுக்களிலும் ஏறத்தாழ 24 சதவீதத்தினர் இறந்தோ மீண்டும் மாரடைப்புக்கு உள்ளாகியோ இருந்தனர். இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடே இல்லை.

இம்முடிவுகள் ஆதரவின் முக்கியத்துவத்தை மறுக்கின்றனவா? அவ்வாறு கொள்வது பொருந்தாது. சில மாதங்கள் வந்துபோகும் அந்நியர் ஒருவரின் அக்கறை, பல ஆண்டுகளில் வளர்ந்த உறவுக்கு ஈடாகாது என்பதையே அவை காட்டுகின்றன. சுவீடன் நாட்டு அனுபவம் இக்கருத்தை வலுப்படுத்துகின்றது. ஸ்ரொக்ஹோமில் 237 பெண் நோயாளரிடம் நடாத்தப்பட்டு 2009இல் வெளியான பரிசோதனையில், சிகிச்சைக் குழுவினர் நான்கு முதல் எட்டுப்பேர் கொண்ட சிறு குழுக்களாக ஓராண்டுக் காலத்தில் 20 தடவை கூடினர். ஏறத்தாழ ஏழாண்டின் பின்னர் அவர்களுள் 7 சதவீதத்தினரும், வழமையான கவனிப்பைப் பெற்றோருள் 20 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். உப்சாலா நகரில் ஆண், பெண் இருபாலாருமாக 362 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்விலும், குழுமுறைச் சிகிச்சை நோய் மீளுதலை 41 சதவீதத்தால் குறைத்தது. இவை சிறிய ஆய்வுகள் என்பதை மறத்தலாகாது. ஆயினும் ஒரு வேறுபாடு இங்கு தெளிவாகின்றது. முன்னைய முயற்சிகளில் நோயாளி பெரும்பாலும் ஆதரவைப் பெறுபவராக மாத்திரமே இருந்தார். இக்குழுக்களில் அவர் பிறருக்கு ஆதரவளிப்பவராகவும் இருந்தார். கொப் கூறிய ‘பரஸ்பரக் கடப்பாடு’ இத்தகையதே.

முடிவாக

மேற்கூறிய ஆய்வுகளுட் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிகழ்ந்தவை. 2004இல் வெளியான, இலங்கையும் பங்குபற்றிய 52 நாடுகளின் ஆய்வு, மன நெருக்கடிக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு உலகின் எல்லாப் பகுதிகளிலும் காணப்படுவதைக் காட்டியது. தென்னாசியர் ஏனையோரிலும் பார்க்க இளவயதிலேயே, சராசரியாக 53 வயதளவில், முதல் மாரடைப்புக்கு உள்ளாகின்றனர் என்பது அவ்வாய்விலிருந்து 2007இல் பெறப்பட்ட மற்றொரு முடிவாகும். உழைக்கும் வயதில், பிள்ளைகள் கற்கும் பருவத்தில், நோய் வந்து சேருகின்றது என்பதே இதன் கருத்து.

கூட்டுக்குடும்ப மரபுடைய சமூகங்களுக்கு இவ்வாய்வுகள் தேவையற்றவை எனக் கருதுவது எளிது. அக்கருத்துக்கு ரொசெற்றோவின் வரலாறே மறுப்பாகும். பிணைப்பு ஒரு சமூகத்தின் மாறா இயல்பன்று. தொழிலும் இடப்பெயர்வும் வாழ்க்கைமுறை மாற்றமும் ஒரே தலைமுறையில் அதனைக் கரைத்துவிடக் கூடும். கூடியிருப்போர் பலராயினும் மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாத வீடுகளும் உள. நோயாளியைச் சூழ்ந்து நின்று அவரை அசையவிடாத அன்பும் உண்டு. வீட்டிலுள்ள எல்லோரையும் பேணிய பெண் நோயுற்றபோது அவளைப் பேண ஆளில்லாத நிலையும் உண்டு.

ஆகவே, மாரடைப்பின் பின்னரான மீட்சி வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே மாத்திரம் நிகழ்வதன்று. நோயாளியின் நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ளும் வைத்தியர், அவர் எவருடன் வாழ்கின்றார், எவரிடம் தம் அச்சத்தைக் கூறுகின்றார் என்பதையும் வினவிக் குறித்துக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும் நாளில் தரப்படும் அறிவுரை துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே தரப்பட வேண்டும். எவருமற்றவருக்கு, அவரைப் போன்ற பிறரோடு கூடுவதற்கான வாய்ப்பு ஏற்படுத்தப்பட வேண்டும். ஆதரவை மருந்துச் சீட்டில் எழுத இயலாது. ஆனால் அது வளர்வதற்குரிய நிலைமைகளை ஏற்படுத்த இயலும். 1912இல் தொடங்கிய இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே எனலாம்.